வேலை மாறினது, வேன் பிடிக்கிறது, பிள்ளை சாப்பிடாதது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு வார இதழில் குழந்தை வளர்ப்புப் பக்கங்களுக்குப் பொறுப்பாசிரியராக இருந்தேன். இப்போது அந்த வேலையில் இல்லை, பாளையங்கோட்டைக்குக் குடிவந்தாயிற்று. வந்ததில் இருந்து கல்யாண வீடு, மகாராஜ நகர் உழவர் சந்தை, பள்ளிக்கூட வாசல், வாட்ஸ்அப் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள்தான். பாதி என் வேலையைப் பற்றி, பாதி அவரவர் வீட்டுப் பாடு. ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்லி மாளவில்லை என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன், பெயர் மட்டும் கிடையாது.

என்னக்கா, வேலைய விட்டுட்டியளாமே? நெசந்தானா?

நிஜம்தான். யாரும் துரத்தவில்லை, சண்டையும் இல்லை. இனிமேல் ஒரு பதிப்பகத்துக்காகப் பெற்றோருக்கான சின்னப் புத்தகங்களை வரிசையாகக் கொண்டுவருகிற வேலை. ஒவ்வொன்றும் திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ் ஏறினால் அம்பாசமுத்திரம் போய்ச் சேர்வதற்குள் படித்து முடிக்கிற அளவில் இருக்க வேண்டும் என்று பேச்சு. அவ்வப்போது நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய் வருவேன், மற்றபடி வீட்டில் இருந்தேதான்.

அவ்வளவு பெரிய பத்திரிகை, எல்லாரும் ஆசைப்படுற வேலை, அதைப் போய் ஏன் விட்டிய?

வந்த கடிதங்களுக்கும் நாங்கள் அச்சடித்த பக்கங்களுக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது, அதுதான் காரணம். கட்டுரையில் 'தினமும் ஒரு மணி நேரம் பிள்ளையோடு கைவினைப் பொருள் செய்யுங்கள்' என்று இருக்கும், வண்ணத்தாள், பசை, பாசிமணி எல்லாம் பட்டியல் போட்டு. கடிதத்தில் ஒரு அம்மா, காலை நான்கரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, கங்கைகொண்டான் பக்கம் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன், பிள்ளைக்குத் தலை சீவ நேரமில்லை, முடியை ஒட்ட வெட்டிவிடலாமா, மாமியார் கூடாது என்கிறார் என்று கேட்டிருப்பார். (வெட்டலாம். தாராளமாக.)

நேரம் இருக்கிற வீட்டுக்காக எழுதின யோசனை, நேரம் இல்லாத வீட்டுக்குப் போய்ச் சேரும்போது திட்டு வாங்கினது மாதிரிதான் இருக்கும். அந்தக் கடிதம் எழுதினவர்களுக்காகவே வேலை செய்ய ஒரு வாய்ப்பு வந்தது, பிடித்துக்கொண்டேன்.

சம்பளம் கொறையுமே, வீடு ஓடுமா?

குறைந்திருக்கிறது. சென்னை வாடகையும் குறைந்திருக்கிறது. மீதிக் கணக்கை என் வீட்டுக்காரரும் நானும் பார்த்துக்கொள்கிறோம், பெரியம்மா கவலைப்பட வேண்டாம்.

பிள்ளை வளக்குறதுக்குக் கூடவா எடிட்டர்? நீங்க டாக்டரா?

டாக்டர் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுப்பதை, அவசரத்தில் படிக்கிற ஒருவர் தப்பாகப் புரிந்துகொள்ளாத மாதிரி ஆக்குவதுதான் என் வேலை. ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். வயிற்றுப்போக்கு பற்றி ஒரு கட்டுரை வந்தது, அதில் 'ஓ.ஆர்.எஸ். கொடுக்கவும்' என்று ஒரே வரி (போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற பொடி அது). டாக்டருக்கு அது போதும். வீட்டில் இருக்கிறவர் என்ன செய்வார்? பிள்ளை குடிக்கப்போவது ஒரு தம்ளர்தானே என்று ஒரு தம்ளர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிவிடுவார். உப்பு அதிகமானால் அது மருந்தே இல்லை, ஆபத்து. ஆகவே போன் போட்டுக் கேட்டு, பெரிய பொட்டலம் ஒன்றுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சின்னப் பொட்டலம் என்றால் அதில் போட்டிருக்கிற அளவு, கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது, கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள், போக்கு நின்றாலும் நிறுத்தக் கூடாது என்று நாலு வரி சேர்த்தேன். அழகான முன்னுரை ஒன்று இருந்தது, அதை வெட்டினேன்.

இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கடையில் பெட்டியில் அடைத்து இனிப்பாக விற்ற பானங்களை எல்லாம் ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்கினவர்கள் நிறையப் பேர். உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவையில் இல்லாத எதற்கும் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. மெடிக்கலில் கேட்கும்போது பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அஞ்சரைக்கு எந்திரிச்சும் எட்டே கால் வேனைப் பிடிக்க முடியல. என்னக்கா செய்ய?

எழுந்திருக்கிற நேரத்தை இன்னும் முன்னால் தள்ளாதீர்கள், தூக்கம்தான் போகும். நான் பார்த்த வீடுகளில் நேரத்தைத் தின்பது சமையல் இல்லை, தேடல். ஒற்றை சாக்ஸ், கையெழுத்து வாங்காத டைரி, தண்ணீர் பாட்டிலின் மூடி, கடைசி நிமிடத்தில் 'அம்மா, இன்னைக்கு சார்ட் கொண்டு போகணும்'. ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவ எடுக்கும்போதே பை வாசல் பக்கம் வந்துவிட வேண்டும், சாக்ஸ் ஷூவுக்குள்ளேயே இருக்க வேண்டும். இதை ஆறு வயதுப் பிள்ளையே செய்யும், பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.

சமையலுக்கு வருவோம். வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து சாப்பாடு, மாதம் முழுக்க அதேதான் என்று முடிவு பண்ணிவிட்டால் 'நாளைக்கு என்ன' என்கிற யோசனை ஒழியும். பிள்ளைகளுக்கு அது ஒன்றும் சலிப்பதில்லை, சலிப்பு நமக்குத்தான். நம்ம ஊர் உளுந்தம்பருப்பு சாதம் இதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ஒரு ஆழாக்கு அரிசிக்கு அரை ஆழாக்கு தொலி உளுந்து, லேசாக வறுத்து, பத்துப் பல் பூண்டு, கொஞ்சம் வெந்தயம், சீரகம், ஒரு கை தேங்காய்த் துருவல், உப்பு, எல்லாம் ஒரே குக்கரில். எள்ளுத் துவையலை ஞாயிற்றுக்கிழமை தேங்காய் சேர்க்காமல் அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் வாரம் ஓடிவிடும். குக்கர் சத்தம் போடுகிற நேரத்தில் தலை சீவிவிடலாம், அல்லது மேலே சொன்ன மாதிரி ஒட்ட வெட்டியிருந்தால் காபி குடிக்கலாம்.

டிபன் பாக்ஸ் குடுத்து விட்டபடியே திரும்பி வருது. அடிச்சும் பாத்தாச்சு.

அடிப்பதால் சோறு இறங்காது, அதை விட்டுவிடுங்கள். முதலில் பெட்டியை அவன் கையில் கொடுத்து உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு அந்தக் கிளிப் மூடி திறக்க வராது, டீச்சரிடம் கேட்க வெட்கம். அடுத்தது அளவு. சாப்பாட்டு இடைவேளையில் கை கழுவ வரிசை, தண்ணீர்க் குழாயில் வரிசை, மிச்சம் இருக்கிற நேரத்தில் ஓடி விளையாடவும் வேண்டும். வீட்டில் அவன் சாப்பிடுவதில் முக்கால்வாசி வைத்தால் முழுசாகக் காலியாகும்.

அப்புறம், மூடி வைத்த தேங்காய்ச் சட்னி சித்திரை வெயிலில் மத்தியானம் வரை நிற்காது. புளித்த வாசனைக்குப் பயந்துதான் பிள்ளை மூடிவிடும். பொடியில் நல்லெண்ணெய் குழைத்துத் தடவிய இட்லி நிற்கும். பிள்ளை ஒன்று முதல் ஐந்து வரை அரசுப் பள்ளியில் படிக்கிறது என்றால் காலைச் சாப்பாடு பள்ளியிலேயே உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது, அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிறகு சேர்த்தார்கள். 'அங்க போய் சாப்பிடணுமா' என்று கௌரவம் பார்த்து வீட்டிலேயே ஊட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் நீங்கள் நிதானமாகக் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பலாமே.

ஆச்சிட்டதான் பிள்ளைய விட்டுட்டுப் போறேன். அவுக போனப் போட்டுக் காட்டித்தான் சோறு ஊட்டுதாக. சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுதாக.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இது: இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டில் இருந்து நான்கு வயது முடிய ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது. ஆனால் இந்த வரியைக் கொண்டுபோய் ஆச்சியிடம் வாசித்துக் காட்டினால் வேலை நடக்காது. எழுபது வயதில் ஓடுகிற பிள்ளைக்குப் பின்னால் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாமல்தான் அவர் போனைப் போடுகிறார்.

ஆகவே ஒன்றே ஒன்று கேளுங்கள், அதுவும் மருமகள் வாயால் வேண்டாம், அவர் மகன் கேட்கட்டும்: 'சோறு ஊட்டும்போது மட்டும் போன் வேண்டாம்மா, மத்த நேரம் உங்க இஷ்டம்.' போனுக்குப் பதிலாக ஆச்சி உட்கார்ந்த இடத்தில் இருந்தே செய்ய முடிகிற ஒன்று வேண்டும். வாசல் திண்ணையில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, தட்டில் நாலு சின்ன உருண்டை போட்டு, அதுவாக எடுத்துத் தின்னட்டும். கீழே சிந்தும், காக்கா வரும், அதைப் பார்த்துக்கொண்டே இன்னும் இரண்டு உருண்டை போகும். சிந்தினதைப் பெருக்குவது ஆச்சி வேலை இல்லை, நீங்கள் வந்து பெருக்குங்கள்.

ஆச்சிக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டா? இல்லையென்றால் முதலில் அதைக் கொடுங்கள். விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று உண்டு, அது தேன். ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி அந்த வயதுக் குடலில் விஷத்தை உண்டாக்கும். எண்ணெய் தேய்ப்பது, தாலாட்டு, கண்ணேறு கழிப்பது எல்லாம் அவர் ராஜ்ஜியம், தலையிடாதீர்கள். காதிலும் மூக்கிலும் மட்டும் எண்ணெய் விட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

நாங்க பீடி சுத்துற வீடு. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன செய்ய? தட்ட எறக்கி வைக்கவும் முடியாது.

இதைப் பத்திரிகையில் கேட்டு எழுதினவர்கள் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்து அம்மாக்கள். பெரிய பத்திரிகைகளில் இதற்குப் பதில் பார்த்திருக்க மாட்டீர்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேலையை விடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. புகையிலைத் தூள் பிள்ளையிடம் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சுற்றும்போது மேலே ஒரு பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், தலைக்கு ஒரு துணி. பிள்ளை பாலுக்கு அழுதால் சட்டையையும் துணியையும் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் தூக்க வேண்டும். விரல் நுனியில் ஒட்டியிருக்கிற புகையிலை பிள்ளை வாய்க்கு நேராகப் போகும். தொட்டில் அதே அறையில் வேண்டாம். ஒரே அறைதான் என்றால் நீங்கள் வாசலிலோ திண்ணையிலோ உட்காருங்கள், பிள்ளை உள்ளே இருக்கட்டும். தூளை உலர்த்துவதும் சலிப்பதும் காற்று வெளியே போகிற பக்கம். வேலை முடிந்து வாரியலால் பெருக்கினால் தூசி எல்லாம் மேலே கிளம்பும், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

தவழ ஆரம்பித்த பிறகு ஆபத்து வேறு மாதிரி. தட்டைத் தரையில் விட்டு அடுப்பைப் பார்க்கப் போகிற அந்த ரெண்டு நிமிடம் போதும். தூள் மூடி போட்ட டப்பாவில், எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், கத்தரியும் கூடவே. பிள்ளை தூளைத் தின்றுவிட்டது, வாந்தி எடுக்கிறது, வாயில் நீர் வடிகிறது, வெளுத்துப்போகிறது என்றால் கைவைத்தியம் எதுவும் வேண்டாம், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் படிப்பு உதவித்தொகை உண்டு, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் வருடாவருடம் விண்ணப்பிக்க வேண்டும். அட்டை எடுக்காமல் இருந்தால் எடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளை 'நூல மட்டும் கட்டு' என்று பக்கத்தில் உட்கார வைப்பது எனக்குப் பிடிக்காது, அதையும் சொல்லிவிட்டேன்.

பேறுகால லீவு எத்தன மாசம்? எங்க மொதலாளி மூணு மாசம்ங்காரு.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடம் என்றால், 2017-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம், சம்பளத்தோடு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாதத்தில் 80 நாளாவது அங்கே வேலை செய்திருக்க வேண்டும். உங்கள் முதலாளி சொல்கிற மூன்று மாதம், அதாவது 12 வாரம், மூன்றாவது பிள்ளைக்குத்தான். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையில் இருந்து 12 மாதம். லீவில் இருக்கும்போது வேலையை விட்டு எடுக்க முடியாது. வாய்ப்பேச்சாகக் கேட்காமல் எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்ப்பால எடுத்து வச்சுட்டு வேலைக்குப் போவலாமா? இந்த வெயிலுக்குத் தாங்குமா?

போகலாம். 25 டிகிரிக்குள் இருக்கிற அறையில் நான்கு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு, ஆனால் நம்ம ஊர் வீட்டுக்குள் 25 டிகிரி மார்கழியில்தான். ஆகவே எடுத்த உடனே ஃபிரிட்ஜ், கதவுப் பக்கம் இல்லாமல் உள்ளே தள்ளி. அங்கே நான்கு நாள் வரை நிற்கும், கரண்ட் நீண்ட நேரம் போனால் அந்தக் கணக்கு செல்லாது. அடுப்பில் வைத்துச் சுட வைக்கக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள கிண்ணத்தில் டம்ளரை இறக்கி வைத்தால் போதும். பிள்ளை குடித்து மீந்ததைத் திரும்ப எடுத்து வைக்காதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை, தண்ணீர்கூட. இது ஆச்சிக்கும் தெரியட்டும்.

சின்னவள வண்டியில முன்னாடி நிப்பாட்டிக்கிட்டுப் போறோம், பெரியவன் பின்னாடி. தப்பா?

தப்புதான். சடன் பிரேக் போட்டால் முன்னால் நிற்கிற பிள்ளையின் நெஞ்சும் முகமும்தான் ஹேண்டில்பாரில் மோதும். 2023 பிப்ரவரியில் இருந்து நடப்பில் உள்ள விதிப்படி, ஒன்பது மாதத்தில் இருந்து நான்கு வயது வரை உள்ள பிள்ளைக்கு அளவான ஹெல்மெட், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டுகிற பெல்ட், 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில் ஒரு காலை எத்தனை பேர் இப்படிப் போகிறார்கள் என்று நின்று பாருங்கள், என் வயிறு கலங்கும்.

ஒம்பதாங்கிளாஸ் படிக்கான். டியூஷனுக்குப் போவ வண்டி கேக்கான். பக்கத்துலதானே, குடுக்கலாமா?

கூடாது. 2019-இல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தில் பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கு அல்லது வண்டிக்காரருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

அவுக துபாய்ல இருக்காக. ராத்திரி வீடியோ கால்ல வந்து படிச்சியா, மார்க் எவ்வளவுன்னு மெரட்டுதாக. பிள்ள இப்போ போன எடுக்கவே மாட்டேங்கு.

நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு அவருக்குப் பேசக் கிடைப்பது பத்து நிமிடம், அதில் அப்பாவாக இருந்து காட்ட அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கேள்வி கேட்கிற வேலையை அவரிடம் இருந்து எடுத்துவிட்டு வேறு வேலை கொடுங்கள். நமக்கு எட்டரை மணி என்றால் அங்கே ஏழு. பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால், அவர் அங்கே இருந்து ஒரு பாடத்தைச் சத்தமாக வாசிக்கட்டும், பிள்ளை கேட்டுக்கொண்டே சாப்பிடட்டும். சாப்பிடும்போது போன் கூடாது என்றாயே என்று கேட்பீர்கள். அது ஊட்டுகிற வயதுப் பிள்ளைக்கு வீடியோ காட்டுவதைப் பற்றியது, இது அப்பா. மார்க்கைப் பற்றிப் பிள்ளை தூங்கினபிறகு நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள்.

இங்க உள்ளூர்லயே இருக்காரு, ஒரு வேலைக்கும் ஆவ மாட்டேங்காரு. கேட்டா 'சொல்லு, செய்யுதேன்'ங்காரு.

அந்த 'சொல்லு'தான் பிரச்சினை. எதை, எப்போது என்று ஞாபகம் வைத்துக்கொள்கிற பாதி வேலை அப்போதும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காமல் ஒன்றை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். தடுப்பூசி அட்டை நல்ல தொடக்கம். ஒன்பது மாதம், ஒன்றரை வயது, ஐந்து வயது, பத்து வயது, பதினாறு வயது என்று அரசு அட்டவணையில் இருக்கிறது. தேதி பார்ப்பது, புதன்கிழமை கூட்டிப்போவது, ராத்திரி காய்ச்சல் வந்தால் முழித்திருப்பது எல்லாம் அவர் பாடு. வேன் காசு, பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு, இவற்றையும் தள்ளிவிடலாம். முதல் மாதம் ஏதாவது தவறும். ஊசி தவிர மற்றதில் தவறட்டும், நீங்கள் பாய்ந்து போய்ச் செய்யாதீர்கள்.

இதெல்லாம் உங்க வீட்டுல நடக்குதா, இல்ல எங்களுக்கு மட்டுந்தானா?

பை வாசலுக்கு வருவதும் ஐந்து நாள் சாப்பாடும் நடக்கிறது. வேன் காசு என் வீட்டுக்காரர் பொறுப்பு, எவ்வளவு என்றுகூட எனக்குத் தெரியாது. போன் விஷயத்தில் குற்றால சீசனுக்குச் சொந்தக்காரர் பிள்ளைகள் வந்து இறங்கினால் ஒரு விதியும் நிற்காது, அந்த வாரம் நான் கண்டுகொள்வதில்லை. ஹெல்மெட்டில் மட்டும் விட்டுக்கொடுப்பது கிடையாது.

ராத்திரி பிள்ளைக்கு முடியலன்னா ஒங்களுக்குப் போன் பண்ணலாமா? மருந்து பேரு சொல்லுவியளா?

சொல்ல மாட்டேன், மேலே சொன்ன மாதிரி நான் டாக்டர் இல்லை. எனக்குப் போன் போடுகிற நேரத்தில் செய்ய வேண்டியது வேறு. மூன்று மாதம் ஆகாத பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எந்த வயதானாலும் வலிப்பு, எதையும் குடிக்க முடியாமை, குடித்தது எல்லாம் வாந்தி, எழுப்பினால் எழாத மயக்கம், மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே உள்ளே இழுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியோ பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியோ, உடனே கிளம்புங்கள். அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் யாரையாவது கேட்க வேண்டும் என்றால் அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104-க்குப் போடுங்கள், ராத்திரியும் எடுப்பார்கள்.

பிள்ளையின் எடையை ஒரு தாளில் எழுதி, எடுத்த தேதியும் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். மருந்தின் அளவை எடை பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள், எவ்வளவு எடை என்று டாக்டர் கேட்கும்போது யாரும் விழிக்க வேண்டாம்.